ஆட்டங்கண்ட வீடு

எங்கள் அலுவலகத்தில் யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எதிரே இருக்கும் தேநீர்க் கோப்பையைக் குனிந்து பார்த்தால், பூமி அசைகிறது என்று அர்த்தம். டோக்கியோவுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. கூட்டம் நடந்துகொண்டிருக்கும். ஒருவர் நிறுத்துவார். மற்றவர்களும் ஆளுக்கொரு கோப்பையைப் பார்ப்பார்கள். தேநீரில் கொசு விழுந்துவிட்டதாக்கும் என்று நானும் என் கோப்பையைப் பார்ப்பேன். செத்த நேரம் கழித்து ஒருவர் "யுரே" என்பார். ஆட்டம் என்று பொருள். அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துபோகும். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். அத்தனை பேருக்கும் தெரிந்த ஆட்டம் எனக்கு மட்டும் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர் என் நாற்காலியின் கால்களைக் குனிந்து பார்த்து, இவருக்கு மட்டும் தனியாக ரப்பர் வைத்திருக்கிறார்களா என்று கேலி செய்வார். வருடங்கள் பல ஓடிவிட்டன. ஒரே ஒரு தடவை தவிர, இன்றைக்கும் நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நிலநடுக்கத்தைத் தெரிந்துகொள்கிறேன்.

இதற்குக் காரணம் என் உடம்பு வளர்ந்த இடம் என்று நினைக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகும் வழியில் எங்கள் வீடு. பின்சுவரை ஒட்டி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற விசைத்தறிக் கூடம். தறி ஓடினால் எங்கள் வீடும் ஓடும். அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்துக்கொண்டே விளிம்புக்கு நகர்ந்து வரும். அம்மா பழைய சேலைத் துணியை மடித்து அவற்றின் அடியில் விரித்திருந்தாள். தரையில் படுத்தால் முதுகெலும்பு வழியாகத் தறிச் சத்தம் ஏறும். எங்களுக்கு அதுதான் தாலாட்டு. மின்சாரம் போய்த் தறி நின்றால் தெருவே தூக்கம் கலைந்து எழுந்து உட்காரும். நடுங்காமல் இருக்கும் வீடுதான் எங்களைப் பயமுறுத்தியது. அப்படி வளர்ந்தவனுக்குப் பசிபிக் கடலுக்கு அடியில் எங்கோ பாறை நழுவுவது எப்படித் தெரியும்?

வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே ஆட்டந்தான். கிருஷ்ணன்கோவிலில் சிவில் படித்தேன். கடைசி வருடத்தில் நிலநடுக்கப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம், அதில் மதிப்பெண் சுலபமாக விழும் என்று கல்லூரிப் பஸ்ஸில் யாரோ சொன்னது. எங்கள் பக்கத்துப் பூமி சாது. அது ஏன் ஆடப்போகிறது என்று வகுப்பில் சிரித்திருக்கிறோம். இப்போது உயர்ந்த கட்டடங்களில் ஆட்டத்தை விழுங்கும் கருவிகளைச் சோதிக்கும் கம்பெனியில் வேலை. ஜப்பானியர்கள் இந்த வித்தைக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூணையும் சுவரையும் பலமாக்கி ஆட்டத்தைத் தாங்கி நிற்பது தைஷின். கட்டடத்துக்குள் எண்ணெய் நிரப்பிய உருளைகளை வைத்தும், உச்சியில் பெரிய எடையைத் தொங்கவிட்டும் ஆட்டத்தைத் தணிப்பது செய்ஷின். அடியில் ரப்பர் அடுக்குகளைக் கொடுத்து, தரை ஒரு பக்கம் இழுத்தாலும் கட்டடம் தன்பாட்டுக்கு மெல்ல மிதக்கும்படி விடுவது மென்ஷின். மென்ஷின் என்பதை மட்டும் நான் மனப்பாடம் செய்யவே இல்லை. மென்மை என்று வைத்துக்கொண்டேன், அது மறக்கவில்லை.

இதையெல்லாம் எஸ்தருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எஸ்தர் என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். வாத்தியார் மகள். திருமணமாகி என்னோடு டோக்கியோ வந்து, என்னைவிட வேகமாக மொழி படித்து, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை தேடிக்கொண்டவள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் தனியாக வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். சண்டை இல்லை. மூன்றாவது ஆள் இல்லை. சோறு ஆக்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, "நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தட்டுப்படவே இல்லைங்க" என்றாள். எனக்கு அது புரிந்தது என்பதுதான் கஷ்டம். ஊரில் உள்ளவர்கள் என்ன நடந்தது என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றாள். நான் ஊருக்குப் போகும்போது இரண்டு வீட்டிலும் நேரில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டேன். வேறு வாய் வழியாகப் போய்ச் சேரக் கூடாது என்பது மட்டுந்தான் அவள் கேட்டது. நான் சரியென்று சொல்லி, சூட்கேஸை லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போனேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. காலையில் அலாரம் அடித்தது, வேலைக்குப் போனேன். மாதங்கள் அப்படியே போயின. ஊருக்குப் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை முற்பகல். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கம்பியில் தொங்கிய சட்டைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இடப்பக்கம் போயின. பிறகு வலப்பக்கம் போயின. காற்று இல்லை. என் வீடு இருபத்தொன்பதாவது மாடி. எனக்கே தெரிகிற ஆட்டம் அதுதான் முதல். சுவர்கள் பழைய கட்டில்போலக் கிறீச்சிட்டன. குளியல் தொட்டித் தண்ணீர் கரையில் மோதிக் கொட்டியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டடம் எங்களுக்கு எதிர்த் திசையில் போய்வந்தது. கீழே பார்த்தால் தெருவில் ஒரு அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்துபோனாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுவும் சரிதான். நிலநடுக்கம் தொலைவில் எங்கோ. வெடுக் வெடுக்கென்ற அதிர்வு வழியிலேயே தேய்ந்து செத்துப்போகும். மெல்ல வரும் பெரிய அலை மட்டும் வெகுதூரம் பயணம் செய்யும். குட்டை வீடுகளுக்கு அந்த அலை தட்டுப்படாது. உயர்ந்த கட்டடத்தின் சுபாவமும் மெல்ல ஆடுவது என்பதால், இரண்டும் ஒத்துப்போனால் ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல ஆட்டம் கூடிக்கொண்டே போகும். அலை கடந்துபோன பிறகும் கட்டடம் உடனே நிற்காது. பூமி தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடும். கட்டடத்துக்கு முடிவதில்லை. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உருளைகள் வேலை செய்கின்றன, எல்லாம் சரியாக நடக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

லிஃப்ட் தானாக நின்றுவிட்டது. படி வழியாக இறங்கிக் கீழே வந்தேன். முகப்புக் கூடத்தில் எங்கள் கட்டடத்தின் கன்ரினின், அதாவது மேற்பார்வையாளர், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். வயதானவர். கையில் டார்ச். என்னிடம், "ஒகுசான் வா?" என்று கேட்டார். மனைவி எங்கே என்று கேள்வி. நான் "இனாய்" என்றேன். இல்லை என்று பொருள். ஆனால் அந்த மொழியில் அது, ஆளைக் காணோம் என்றும் ஆகும் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவர் முகம் மாறியது. லிஃப்ட்டுக்குள் சிக்கிக்கொண்டாளாக்கும் என்று நினைத்து, ஓடிப்போய்க் கதவைத் தட்டி, சத்தமாக "ஒகுசான், ஒகுசான்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள். நான் பின்னால் போய், வெளியே போய்விட்டாள் என்றேன். எப்போது திரும்புவாள், போன் செய்தீர்களா என்றார். அப்போதுதான் "மொதொரானாய்" என்றேன். திரும்ப மாட்டாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, என்னை நோக்கி இடுப்புவரை குனிந்தார். உலகத்தில் முதன்முதலாக இந்தச் செய்தியைக் கேட்ட மனிதர் அவர்தான். பெற்ற தாய்க்குச் சொல்லாததை டார்ச் வைத்திருந்த ஒரு ஜப்பானியரிடம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை அம்மாவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். நடந்தது என்றால் நிலநடுக்கம். "வீடு நல்லா ஆடிருச்சும்மா, ஆனா ஒண்ணும் ஆகல" என்றேன். அம்மா அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில், தோழிகளிடம் "மவன் வீடு ஆட்டங்கண்டுருச்சு, ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் வீடு ஆட்டங்கண்டுவிட்டது என்றால் செங்கல்லையும் சிமெண்டையும் யாரும் நினைக்க மாட்டார்கள். குடும்பம் கலகலத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதிலும் ஜெபம் வேறு பண்ணச் சொன்னால்? அந்த வாரமே செய்தி பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது.

மாமா போன் செய்தார். எஸ்தரின் அப்பா. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"மாப்பிள்ள, கேக்கேன்னு தப்பா நினைக்காதீங்க. ஆட்டம் ரொம்பவோ?"

"கொஞ்சம் ரொம்பத்தான் மாமா. இப்ப நின்னுருச்சு."

"நின்னுருச்சா. நல்லது. விரிசல் ஏதும்?"

"விரிசல் இல்ல மாமா. ஆடுனதுனாலதான் தப்பிச்சோம். ஆடாம இருந்தாத்தான் ஆபத்து."

பிறகு, மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லதுதான், ஆனாலும் அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி வேண்டாம் என்று அவர் சொன்னபோதுதான், நாங்கள் இரண்டு வெவ்வேறு வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. நான் சிரித்தேன். பூகம்பம் மாமா, கட்டடம் ஆடியது என்று விளக்கினேன். அவரும் சிரித்தார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வதந்தியை மெய்யான காரணம் சொல்லி மறுத்திருக்கிறேன், வதந்தியோ மெய். இனித் தள்ளிப் போட முடியாது என்று அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் அதற்குள் புதுச்சேலை கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போய்த் தன் வாயால் கிளம்பிய புரளியைத் தானே தீர்க்க வேண்டும் என்று நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. சரி, இரண்டு வீட்டாருக்கும் ஒரே தடவையில் சொல்வது இன்னும் சுலபம் என்று சமாதானம் செய்துகொண்டேன். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எஸ்தர் ஏன் கூட வரவில்லை என்று ஒரு தடவை கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றேன்.

மாமா வீட்டில் வெயில் தாழும் நேரம். முருங்கைக்காய் பறித்துவிட்டுத் தொரட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். காபி குடித்ததும் அம்மா ஆரம்பித்தாள்: நான் சொன்னது கட்டடத்தை, இவிய விளங்கிக்கிட்டது வேற. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மாமாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனை உயரக் கட்டடம் ஆடினால் எப்படி விழாமல் நிற்கும்? பேச்சை ஆரம்பிக்காமல் இருக்க ஒரு வழி கிடைத்தது என்று எனக்கு நிம்மதி. தொரட்டியை எடுத்து, அடியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினேன். கையை வெடுவெடுவென்று ஆட்டினேன். நடுக்கம்பு துடித்தது, உச்சிக் கொக்கி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு கம்பின் போக்குக்கு ஏற்ப மெதுவாக அசைத்தேன். உச்சி வளைந்து வளைந்து வாசலுக்கும் கிணற்றுக்கும் போய்வந்தது. முருங்கை பறிக்கிற யாருக்கும் இது தெரிந்ததுதான். மாமா எழுந்து வந்து தானும் ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப வளையுறதுக்கு விட்டாத்தான் ஒடியாது, இல்லையா?"

"ஆமா மாமா. வளையாம வெறச்சு நிக்கிறது சின்னச் சின்ன அதிர்ச்சியெல்லாம் தாங்கும். ஒரு அளவுக்கு மேல சட்டுனு ஒடிஞ்சிரும்."

"ஒடியுறதுக்கு முன்னாடி வெளிய தெரியுமா?"

"தெரியாது."

அதுவரை நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு நின்ற அத்தை, எஸ்தரின் அம்மா, அப்போது கேட்டாள். குரலில் சூடே இல்லை.

"மாப்பிள்ள, எஸ்தர் போன்ல பேசும்போது பின்னால டிங்கு டிங்குன்னு ரயில்வே கேட்டு மூடுற மணி கேக்குது. ஆறேழு மாசமாக் கேக்குது. இருபத்தொம்பதாவது மாடிக்கு அந்தச் சத்தம் வருமா?"

தொரட்டி மாமா கையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"வராது அத்த" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மற்றதை அவர்களே புரிந்துகொண்டார்கள். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மாமா தொரட்டியைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை மாமா என்றேன். அது உண்மை. அதை எத்தனை தடவை சொன்னாலும் பொய்போலவே கேட்டது. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எஸ்தர் நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறாள், அடுப்பு மின்சாரத்தில் எரிகிறது, வேலைக்கு நடந்துபோகிற தூரம் என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி, புதுச்சேலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா அழவில்லை. ஊர் நெருங்குகிற இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"நாந்தாம்லே மொதல்ல சொன்னேன். ஆட்டங்கண்டுருச்சுன்னு. கோயில் வாசல்ல வச்சுச் சொன்னேன். பலிச்சிருச்சு."

அம்மா, அவள் போனது கிறிஸ்துமஸுக்கு முன்னால், நீ சொன்னது போன மாதம் என்று விளக்கினேன். தேதியையும் மாதத்தையும் வைத்து வாதாடினேன். "சும்மா இருலே. வாய்க்கு எது முன்ன, எது பின்ன" என்றாள். கட்டடம் எப்படி நிற்கிறது என்று ஊருக்கே விளக்கத் தெரிந்த எனக்கு, அம்மா தலையிலிருந்து இந்தப் பழியை இறக்கி வைக்கத் தெரியவில்லை. அந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகவே வலித்தது இது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறைத் தரையில் படுத்தேன். தறிக்கூடம் இப்போது இல்லை. தறிகளைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தை யாரோ சரக்கு வைக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பகலெல்லாம் பூட்டுத்தான். அலமாரியில் டம்ளர்கள் வைத்த இடத்தில் இருந்தன. அவற்றின் அடியில் அந்தச் சேலைத் துணி மட்டும் இன்னும் கிடந்தது. கண்ணை மூடியதும் தரை மெல்ல இடப்பக்கம் போயிற்று. பிறகு வலப்பக்கம் வந்தது. எழுந்து உட்கார்ந்து சுவரைப் பிடித்தேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படிச் சிலருக்கு ஆடாத தரையும் ஆடுவதுபோல இருக்கும். ஜப்பானில் அதற்கு ஜிஷின் யோய் என்று பெயர். பூகம்பப் போதை. டோக்கியோவில் அத்தனை வாரமும் எனக்கு வரவில்லை. இங்கே வந்துதான் வந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா என்னலே என்று கேட்டாள். "ஆடுதும்மா" என்றேன். அவள் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, சிந்தாமல் கொண்டுவந்து, எனக்கும் தனக்கும் நடுவே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பாரு. அலுங்கல."

பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. மின்விசிறி அதில் அப்படியே தெரிந்தது. அம்மா கையை என் முதுகில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், "வீடு ஆடலலே. நீதான் ஆடுத" என்றாள். அப்போதுதான் என் தோள்கள் குலுங்குவது எனக்கே தெரிந்தது. எங்கள் அலுவலகமாக இருந்தால் இந்நேரம் யாராவது ஒருவர் "யுரே" என்று சொல்லியிருப்பார்; விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்திருக்கும். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.